குழந்தைகளின் இராக்காலக் கால் குடைச்சல்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், மாதர்களும் சிறுவர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் கல்வி நிதி, தொழில் விருத்தி, விவாகச் செலவுச் சுருக்கம் முதலிய பெரிய விஷயங்கள் பேசப்பட்டு வருகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப் போல் பெரிதாகத் தோன்றாது. ஆயினும், இச்சபையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் அநேகர் அதனால் உறக்கமிழந்தவர்கள் என்பது திண்ணம். பகலெல்லாம் துள்ளி விளையாடிய குழந்தை, இரவில் வீடடங்கிய பின்னர், "அம்மா, கால் குடையுதே!" என்று விழித்தழும் துன்பத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இவ்வழுகை கேட்ட வீடுகளில் மூவகை விடைகள் எழக் காண்கிறோம். சிலர், "நாளைக்குப் பள்ளிக்கூடம் போக மனமில்லை, அதற்குத்தான் இந்த நடிப்பு" என்று குழந்தையை அதட்டி உறங்கச் செய்கிறார்கள். சிலர், "வளரும் பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். மற்றும் சிலர் நடுங்கிப் போய்த் திருஷ்டி கழிப்பதும், கறுப்புக் கயிறு கட்டுவதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதையெல்லாம் கொடுப்பதுமாக அலைகிறார்கள். இம்மூன்றும் சரியல்ல. முதல் விடை மெய்யான வலியைப் பொய்யென்கிறது. இரண்டாவது விடை பத்தில் ஒன்பது தடவை சரியாயிருக்கலாம். எஞ்சிய ஒரு தடவையில் பெருங்கேடு விளைக்கும். மூன்றாவதோ, வேண்டாத மருந்தைக் குழந்தையின் வயிற்றில் சேர்க்கிறது. ஆதலின், எது சாதாரணக் குடைச்சல், அதற்கு வீட்டில் செய்யத் தக்கது யாது, எப்பொழுது வீட்டு வைத்தியத்தை நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும் என்னும் மூன்றையும் முறையே கூறுவோம்.

சாதாரணக் குடைச்சலின் இலக்கணம்

இக்குடைச்சல் பெரும்பாலும் 3 வயதுக்கு மேல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் காணப்படுவது. மாலையிலாவது முன்னிரவிலாவது தொடங்கும். சில வேளைகளில் நள்ளிரவில் எழுப்பிவிடும். கெண்டைக்கால், முன்கால், தொடையின் முன்புறம், முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் தோன்றும். ஒரு நாள் இரு கால்களிலும் வரும். அல்லது ஒரு நாள் இடக்காலிலும் மற்றொரு நாள் வலக்காலிலும் மாறி மாறி வரும். வலி தசையில் இருக்குமேயன்றி மூட்டில் இராது. சில நிமிஷங்களேனும், ஒரு மணி நேரமேனும் இருந்து தணியும். பொழுது விடிந்தால் குழந்தை ஒன்றும் நேராதது போல் எழுந்து ஓடும், நொண்டாது. பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள், வலியே இல்லாமல் கழியும்; பின் மீண்டும் வரும்.

இவற்றோடு தாய்மார்கள் மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. சாதாரணக் குடைச்சலில் குழந்தை காலைப் பிடித்துவிடச் சொல்லும். அமுக்க அமுக்க இதமடையும். நோயுற்ற காலோ தொட்டால் நோகும். குழந்தை கையைத் தட்டிவிடும். எவ்விதக் கருவியும் வேண்டாத பரீட்சை இது. தாயின் கையே அதற்குப் போதும்.

இத்துன்பம் அபூர்வமானதன்று. தென் ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு ஏறக்குறைய 37 குழந்தைகளுக்கு இவ்வலி உண்டென்று கண்டார்கள். மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் துன்பத்தை நடிப்பென்று தள்ளிவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

வளர்ச்சியினால் வரும் வலியா?

பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஒருவர் 1823-ல் எழுதிய நூலில், வளர்ச்சியினால் உண்டாகும் நோய்களுள் ஒன்றாக இதனைக் குறித்தார். அன்று தொட்டு மேனாட்டாரும் இதனை வளர்ச்சி வலி என்றே வழங்கி வருகிறார்கள். நம் நாட்டுப் பாட்டிமாரும் அவ்வாறே சொல்வர். ஆனால் கணக்குப் பார்த்தால் இப்பெயர் பொருந்தவில்லை. குழந்தை மிக வேகமாக வளர்வது பிறந்த முதல் வருஷத்தில். அவ்வொரு வருஷத்தில் சுமார் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்தபடியாக வேகமாக வளர்வது பருவமெய்தும் காலத்தில். அப்பொழுது வருஷத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயரும். இடைப்பட்ட 4 முதல் 10 வயது வரையில் வருஷத்துக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டரே. வளர்ச்சிதான் வலிக்குக் காரணமாயின் கைக்குழந்தைகளும் பதினான்கு வயதினருமே மிகுதியாக வருந்த வேண்டும். நிகழ்வதோ அதற்கு மாறு. மெதுவாக வளரும் வயதிலேதான் இவ்வலி வருகிறது.

அங்ஙனமாயின் உண்மைக் காரணம் யாதெனில், ஒன்றே காரணம் என்று எவரும் நிலைநாட்டியதில்லை. பகலில் மிகுதியாக ஓடியும் குதித்தும் களைத்த தசைகள் இரவில் நோகின்றன என்பது ஒரு கொள்கை. அநேகம் தாய்மார்கள், "திருவிழாவுக்குப் போய் நடந்த அன்றுதான் வலி வந்தது" என்று சொல்வது இதற்குச் சான்றாகும். இக்குழந்தைகளுக்கு வலியை உணரும் தன்மை மற்றவரினும் சிறிது மிகுதி என்று சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பெற்றோர்க்குச் சிறுவயதில் இருந்திருப்பின் பிள்ளைகளுக்கும் வருதல் உண்டு. வெயிலால் உண்டாகும் டி ஜீவசத்துக் குறைவும் பல குழந்தைகளிடம் சேர்ந்து காணப்படுகிறது. இவற்றில் எது எப்படியாயினும், இவ்வலி எலும்பையும் மூட்டையும் கெடுப்பதில்லை என்பதும், வயது ஏறத் தானே நீங்கிவிடும் என்பதும் உறுதி. இவ்விரண்டையும் குழந்தைக்கு அதன் மொழியில் சொல்ல வேண்டும். "உன் கால் கெட்டுப் போகவில்லை கண்ணே, காலையில் சரியாகிவிடும்" என்று தாய் மடியில் கிடத்திச் சொன்ன சொல், பாதி வலியைத் தீர்க்கும்.

ஒத்தடமும் எண்ணெயும்

இனி, வீட்டில் செய்யத் தக்கவற்றைக் கூறுவோம். முதலாவது ஒத்தடம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கெண்டைக்காலிலும் தொடையிலும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஒற்றினால் இறுகிய தசை இளகும். அகன்ற பாத்திரத்தில் இதமான நீர் வைத்து முழங்கால் வரை அமிழ்த்தியிருக்கச் செய்வதும் நன்று. நீரின் சூட்டைக் கையால் பார்க்கலாகாது. அடுப்பங்கரையில் பழகிய கை சூட்டை அறியாது. முழங்கையை விட்டுப் பார்த்து, அதற்கு இதமாயிருந்தால் மாத்திரமே குழந்தைக்கு உபயோகிக்க வேண்டும். உப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்து முடிச்சாகக் கட்டி ஒற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உப்பு சூட்டை நெடுநேரம் தாங்கி நிற்கும். ஆதலால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது வேண்டாம். ரப்பர் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்தபடியே குழந்தையை உறங்க விடுவதும் தகாது. பைக்குள் இருப்பது கொதித்த நீர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நொச்சி இலை, ஆமணக்கிலை, வாதநாராயணன் இலை முதலியவற்றை வதக்கி ஒற்றுவதும் பழைய முறை. இதனால் வரும் நன்மை முக்கியமாகச் சூட்டினுடையது. இலையைத் தேடி நள்ளிரவில் அலைய வேண்டியதில்லை, கிடைத்தால் உபயோகிக்கலாம்.

இரண்டாவது எண்ணெய். நல்லெண்ணெயாவது தேங்காய் எண்ணெயாவது சிறிது வெதுவெதுப்பாக்கி, உள்ளங்கையில் தேய்த்து, பாதத்திலிருந்து மேல் நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். கெண்டைக்காலை இரு கைகளாலும் பற்றி, மாவு பிசைவது போல் பிசைந்து விடலாம். எலும்பின் மேல் அழுத்தலாகாது. மூத்த பிள்ளையைக் காலின் மேல் ஏறி மிதிக்கச் சொல்வது சில வீடுகளில் வழக்கம். பெரியவர்களுக்கு அது சுகமாயிருக்கலாம், சிறு குழந்தையின் காலுக்கு ஏற்றதன்று. பழைய புடவைக் கிழிசலால் கெண்டைக்காலை இறுக்கிக் கட்டிவிடும் வழக்கமும் அத்தகையதே. குழந்தையே கட்டச் சொன்னாலும் இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டி, உறங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். இறுகிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

படுக்குமுன் செய்யும் பயிற்சி

மூன்றாவது முறை நம் வீடுகளில் பெரும்பாலும் அறியப்படாதது. கானடா தேசத்து ஒட்டாவா நகரத்தில் இக்குழந்தைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குக் காலையிலும் இரவிலும் கால் தசைகளை நீட்டும் பயிற்சியைப் பெற்றோரைக் கொண்டு செய்வித்து, மற்றொரு பகுதியாருக்கு ஆறுதல் மாத்திரம் கூறிப் பார்த்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த குழந்தைகளின் வலி மற்றவர்களினும் விரைவில் நீங்கிற்று. செலவில்லாத இவ்வைத்தியத்தை நம் தாய்மார்கள் எளிதிற் கற்றுக்கொள்ளலாம்.

முதற் பயிற்சி: குழந்தையை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால் நேராக இருக்க, பாதத்தை உள்ளங்கையால் தாங்கி, விரல்கள் முகத்தை நோக்கி வரும்படி மெதுவாகத் தள்ள வேண்டும். இது கெண்டைக்கால் தசையை நீட்டும். இரண்டாவது: அவ்வாறே படுத்திருக்கையில் ஒரு காலை மடக்காமல் மேலே தூக்கி, தொடையின் பின்புறம் இழுபடுவதைக் குழந்தை உணரும் அளவில் நிறுத்த வேண்டும். மூன்றாவது: குழந்தையைக் குப்புறப் படுக்கச் செய்து, முழங்காலை மடக்கிக் குதிகால் பிட்டத்தை நெருங்கும்படி செய்ய வேண்டும். இது தொடையின் முன்புறத்துக்கு. ஒவ்வொன்றிலும் பத்து முதல் இருபது எண்ணும் வரை நிறுத்தி, பின் தளர்த்தி, நான்கைந்து முறை இரு கால்களுக்கும் செய்ய வேண்டும். இழுபடும் உணர்ச்சி இருக்கலாம், வலி இருக்கலாகாது. குழந்தையையே எண்ணச் சொன்னால் அது விளையாட்டாகி விடும்; எண்களும் படிந்துவிடும்.

உணவும் வெயிலும் நீரும்

இரவில் ஒற்றுவதும் நீவுவதும் அப்போதைய வலிக்கு. குழந்தையின் எலும்பும் இரத்தமும் உறுதிப்படுவதற்கு உரியது பகலில் அது உண்ணும் உணவு. நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1918-ல் இராபர்ட் மக்காரிசன் என்பார் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிச்சாலை பின்னர் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிலையமாக இன்றும் விளங்குகிறது. நம் நாட்டு உணவுகளிலுள்ள சத்துக்களை அளந்து அந்நிலையத்தார் வெளியிட்ட பட்டியல்களிலிருந்து சுண்ணாம்புச் சத்தின் அளவைக் கேளுங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் இருப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம். அதே நிறை கேழ்வரகில் ஏறக்குறைய 344, பசும்பாலில் 120, முருங்கைக் கீரையில் 440, அகத்திக் கீரையில் 1,130, எள்ளில் 1,450. கீரையிலும் எள்ளிலும் உள்ளது முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மையே. எனினும் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் உள்ள தாரதம்மியம் எவருக்கும் விளங்கும். இளைத்தவனுக்கு எள்ளு என்று சொன்ன நம் முன்னோர் அறியாமற் சொல்லவில்லை.

கேழ்வரகைக் கூழென்றும் ஏழை உணவென்றும் இழிவாகக் கருதிச் சென்ற இரண்டு தலைமுறைகளில் நம் வீடுகளிலிருந்து விலக்கிவிட்டோம். காலையில் வெண்மையான இட்லி, நடுப்பகலில் வெண்மையான சோறு, மாலையில் மைதா பிஸ்கோத்து, இரவில் மறுபடியும் தோசை என்று உண்ணும் குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? வாரத்தில் மூன்று நாளேனும் கேழ்வரகுக் களியோ, அடையோ, முளைகட்டி அரைத்த கஞ்சியோ கொடுக்கலாம். எள்ளுருண்டையைப் பண்டிகைக்கு மாத்திரம் ஒதுக்காமல் பள்ளிச் சிற்றுண்டியாக்கலாம். முருங்கைக் கீரையை அடையில் சேர்த்தால் கீரை வேண்டாமென்னும் பிள்ளையும் உண்ணும். முடக்கறுத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் உணவென்ற அளவில் நல்லனவே. அவை இவ்வலியைத் தீர்க்கும் என்று சோதித்து நிலைநாட்டப்படவில்லை. ஆகையால் உணவாகவே கொள்வோம், மருந்தென்று நம்பியிருக்க வேண்டாம்.

இரும்புச் சத்தும் கவனிக்கத் தக்கது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் தேசத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தச் சோகையுற்றவர் எனக் காணப்பட்டது. சில குழந்தைகள், "வலி இல்லை, கால் ஒரு மாதிரி இருக்கிறது, பூச்சி ஊர்வது போலிருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தேவலை" என்பர். இத்தகைய அமைதியின்மை இரும்புச் சத்துக் குறைவினால் வருவதுண்டு. இரத்தப் பரீட்சை செய்வித்தல் நலம். சிறு பிள்ளைகளுக்கு உணவோடு தேநீர் கொடுக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவொட்டாமல் அது தடுக்கும்.

சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து உடலில் ஏற்றுவது டி ஜீவசத்து. அதனைத் தருவது வெயில். 1919-ல் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி என்பார், கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயை உணவுக் குறைவினால் நாய்க்குட்டிகளிடம் உண்டாக்கி, மீனெண்ணெயினால் தடுத்துக் காட்டினார். அதே வருஷம் பெர்லின் நகரத்தில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பார் செயற்கை வெயில் விளக்கினால் அந்நோயைத் தீர்த்துக் காட்டினார். வெயிலுக்குப் பஞ்சமான குளிர் நாடுகளின் நோய் அது என்று நாம் எண்ணியிருந்தோம். இன்றோ வருஷம் முழுதும் வெயில் காயும் நம் நாட்டிலும் டி ஜீவசத்துக் குறைந்த குழந்தைகள் ஏராளம். காரணம் வெளிப்படை. விடிந்ததும் வண்டியேறிப் பள்ளிக்குள் புகும் குழந்தை, மாலையில் தனிப்பாட வகுப்பு முடிந்து வீடு சேர்ந்து, கைப்பேசியின் முன் அமர்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் இச்சத்து உண்டாகாது. உதயகால இளவெயிலிலும் அதற்குரிய கிரணங்கள் சொற்பம். காலை பத்து மணிக்கு மேல் மாலை மூன்று மணிக்குள், கையும் காலும் வெயிலில் படும்படி சுமார் அரை மணி நேரம் விளையாடுதல் வேண்டும். கோடையில் ஒன்பதரை, பத்து மணி வெயிலே போதும். கறுத்துப் போகும் என்று பெண் குழந்தைகளை உள்ளே அடைத்து வைப்பது மிகவும் வருந்தத் தக்கது. நாளைக்குத் தாயாக வேண்டியவளின் எலும்பை இன்று நாம் வலுவற்றதாக்குகிறோம்.

குடிநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், கிணற்று நீரிலுள்ள புளூரைடு என்னும் உப்பு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் கெடுப்பதை 1937-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நம் தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் இது மிகுதி. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்பகுதிகளில் வசிக்கும் நம் குடும்பத்தார், குழந்தையின் பற்களில் சுண்ணம் போன்ற வெண்புள்ளியோ பழுப்புக் கோடுகளோ இருந்து, காலும் நோகிறது என்றால், குடைச்சல் என்று நிற்காமல் நீரைப் பரீட்சை செய்விக்க வேண்டும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிக்கலாகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரீட்சைச் சாலைகளில் இதனைச் செய்து தருகிறார்கள். நீரைக் காய்ச்சுவதால் புளூரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட மிகும்.

விலக்க வேண்டியவை

இயற்கை மருந்து என்ற பெயர் பெற்றதெல்லாம் தீங்கற்றதென்று எண்ணுவது பெரும் பிழை. நீலகிரிக்குச் சுற்றுலாப் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி உட்சென்றால், அது ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம். சிறு குழந்தையின் உயிரையே வாங்கும். கற்பூரம் வயிற்றிற் சென்றால் வலிப்பு உண்டாகும். கற்பூரத் தைலங்களையும் யூகலிப்டஸ் தைலத்தையும் குழந்தைகளுக்குப் பூசாமலிருப்பதும், கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைப்பதும் கடமை. வெறும் நல்லெண்ணெய் செய்யாத நன்மை எதையும் அவை செய்துவிடப் போவதில்லை.

பற்பம், செந்தூரம் முதலியன உலோகங்கள் சேர்ந்தவை. பட்டம் பெற்ற சித்த வைத்தியர் குழந்தையை நேரிற் பார்த்து அளந்து கொடுத்தாலன்றி, சந்தையிலும் வழிப்போக்கரிடத்தும் வாங்கிக் கொடுக்கலாகாது. ஆங்கில மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை என்னும் கொடிய நோய் அதனால் வருவதுண்டு. வலி தாங்க முடியாத இரவுகளில் பாரசிட்டமால் கொடுக்கலாம். அதுவும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி வைத்தியர் எழுதிக் கொடுத்த அளவே. டி ஜீவசத்தில் 60,000 அலகு கொண்ட பொடிப் பொட்டலங்கள் கடைகளில் விற்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்ததைப் பார்த்து நம் குழந்தைக்கும் வாங்கிக் கொடுப்பது தகாது. அது மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகம் கெடும்.

வைத்தியரிடம் போகவேண்டிய சமயம்

இனிச் சொல்லப் போவதே இச்சொற்பொழிவின் முக்கிய பாகம். எல்லோரும் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம்.

எப்பொழுதும் ஒரே காலில், ஒரே இடத்தில் வலித்தாலும், காலையில் எழும்போது மூட்டு விறைத்திருந்தாலும், பகலிலும் வலி நீடித்தாலும், குழந்தை நொண்டினாலும், நடக்க மறுத்தாலும், மூட்டு வீங்கியோ, சிவந்தோ, சுட்டோ இருந்தாலும், காய்ச்சல் சேர்ந்திருந்தாலும், உடல் மெலிந்து பசி குன்றினாலும், முகம் வெளுத்தாலும், அடிபடாமலே தோலில் நீலத் தழும்புகள் தோன்றினாலும், பல்லீறில் இரத்தம் கசிந்தாலும், விழுந்து அடிபட்டபின் வலி தொடங்கினாலும், அது சாதாரணக் குடைச்சலன்று. அன்றே, அல்லது மறுநாள் காலையிலேயே, குழந்தை வைத்தியரிடம் காட்ட வேண்டும். எலும்பில் சீழ் பிடித்தல், மூட்டு வாதம், இரத்தப் புற்றுநோய் முதலியன இவ்வாறே கால் வலியாகத் தொடங்குவதுண்டு. இவற்றைக் காலத்தில் கண்டால் இன்று தக்க சிகிச்சை உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயிலும் பெரும்பான்மை குணப்படுத்தத் தக்கதாயிருக்கிறது. காலம் தாழ்ந்தால் எந்தச் சிகிச்சையும் கடினமாகிறது.

குறிப்பாக ஒன்றை எடுத்துச் சொல்வோம். தொண்டை நோவுக்குப் பின் இரண்டு மூன்று வாரங் கழித்துக் காய்ச்சலோடு மூட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலித்து வீங்குமாயின், அது ருமாட்டிக் ஜுரம் எனப்படும். மூட்டு வலி தானே தணிந்துவிடும். ஆனால் நோய் இருதயத்தின் கதவுகளைத் தின்றுவிட்டுப் போகும். முற்காலத்தில் ஐரோப்பிய வைத்தியர்களே வளர்ச்சி வலியையும் இந்நோயையும் ஒன்றென மயங்கியிருந்தனர். நாம் அறிந்த குடும்பமொன்றில், ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் முழங்கால் வலியை "வளர்கிற வலி" என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்ல, இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்தே காலங் கழிந்தது. படியேற மூச்சு வாங்கிய பின்னரே இருதயம் பழுதுற்றது தெரிந்தது. இன்று அக்குழந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் வருகிறாள். அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, எண்ணெய்க்கும் குறைவில்லை. மூட்டு வேறு, தசை வேறு என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாததே குறை. இதனை நம் சங்கத்தில் பேச வேண்டுமென்று நாம் துணிந்ததற்கும் அதுவே காரணம்.

சாதாரணக் குடைச்சலென்று தோன்றினாலும், ஒரு முறை வைத்தியரிடம் காட்டி உறுதி செய்துகொள்வதில் நஷ்டமில்லை. அரசினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமும் இல்லை. எந்நாள், எந்தக் கால், எவ்வளவு நேரம், அன்று என்ன விளையாடியது என்று ஒரு நோட்டில் ஒரு மாதம் குறித்து வந்தால், வைத்தியருக்கு அது பெரிய உதவியாகும்.

சங்கத்தார் செய்யத் தக்கது

நம் சங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது. வருஷாந்தரக் கூட்டத்துக்குக் கூட்டமும் சேர்கிறது. அன்று பரிசளிப்புக்கு முன் ஒரு காலைப் பொழுதைக் குழந்தைகளின் தேகப் பரீட்சைக்கு ஒதுக்கலாம். நம்மவருள் வைத்தியத் தொழிலில் உள்ள இளைஞர்களும் பெண்மணிகளும் அன்று வந்து எடை, உயரம், இரத்த நிறம், பல், தொண்டை ஆகியவற்றைப் பார்த்தால், எத்தனையோ குழந்தைகளின் குறை முளையிலேயே தெரியவரும். மாதர் பகுதியார் மூவகைப் பயிற்சிகளையும் தாய்மார்களுக்குச் செய்து காட்டலாம். விருந்தில் ஓர் இனிப்பைக் குறைத்து எள்ளுருண்டையும் கேழ்வரகு அடையும் பரிமாறினால், அவற்றுக்கு இழந்த மதிப்பு திரும்பும்.

தகப்பன்மார்க்கும் ஒரு விண்ணப்பம். இரவில் குழந்தை அழுதால் எழுவது தாயின் வேலை என்று நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று வழங்குகிறது. நாள் முழுதும் உழைத்த அவளும் களைத்தே படுத்திருக்கிறாள். வெந்நீர் வைக்கவும், கெண்டைக்காலை நீவவும் ஆண் கைகளும் அறியும். தன் தகப்பன் நள்ளிரவில் எழுந்து தன் காலைப் பிடித்துவிட்டதைப் பிள்ளை என்றும் மறவாது.

அன்பர்களே! குழந்தை சொல்லும் வலியை நம்புவோம். நம்பியபின் தொட்டுப் பார்ப்போம். தசையானால் ஒத்தடமும் எண்ணெயும் பயிற்சியும் அன்பும் போதும். மூட்டானால், காய்ச்சலானால், நொண்டினால், ஒரு நாளும் தாமதியோம்.